கூடாரத்தில் ஐந்து பேர்

பெட்டியின்மேல் ‘நான்கு பேர்’ என்று எழுதியிருந்தது. நான்கு மனித உருவங்களை வரிசையாக வரைந்தும் காட்டியிருந்தார்கள். கிள்ளானில் வசிக்கும் அந்தக் குடும்பத்திலோ ஐந்து பேர். “சின்னவனை நடுவில் செருகிக்கொள்ளலாம்” என்று சொல்லித் தந்தை அதை வாங்கி வந்தார். விலை 120 ரிங்கிட். பள்ளி விடுமுறைக்கு இரண்டு நாள்களே இருந்தன. நான்கு கடை ஏறி இறங்கிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

அந்தக் கூடாரத்தின் கதை ஒரே இரவில் முடிந்தது. உலு லங்காட் பக்கம் ஒரு முகாமிடத்திற்குப் போயிருந்தார்கள். மாலையில் இடித்த இடி, மழையில்லாமல் ஓய்ந்துபோனது. பிழைத்தோம் என்று எல்லாரும் படுத்தார்கள். இரவு இரண்டு மணிக்கு மழை வந்தது. முதலில் தாயின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு உச்சித் தையல் நெடுகச் சொட்டத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் தரைத்துணிக்குக் கீழிருந்தும் நீர் ஊறி மேலே வந்தது. பாய், தலையணை, மறுநாள் உடுத்த வைத்திருந்த துணி எல்லாம் நனைந்தன. மகன் மட்டும் நனைந்தபடியே தூங்கினான்.

பாட்டியின் சிரமம் மழைக்கு முன்பே தொடங்கியிருந்தது. கூடாரத்தின் உயரம் 130 சென்டிமீட்டர். எழுபது வயதைத் தாண்டிய அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி உண்டு. மண்டியிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போனார். கதவு ஒன்றே ஒன்று. அவருக்குக் கிடைத்த இடமோ அதற்கு எதிர்மூலை. நடுஇரவில் கழிவறைக்குப் போக எழுந்தபோது, படுத்திருந்த நான்கு பேரையும் தாண்ட வேண்டியிருந்தது. மழை பிடித்ததும் காரின் முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தவர், விடியும்வரை அங்கேயே இருந்தார். ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை.

வீடு திரும்பிய பிறகு, துணிகளைக் காயவைத்துக்கொண்டே சொன்னார்: “அடுத்த தடவை நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டில் இருந்து பூனைக்குச் சோறு வைக்கிறேன்.”

பாட்டிக்கு அந்தப் பூனையைக் கண்டாலே ஆகாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சில மாதங்கள் கழித்துத் தந்தை மறுபடியும் கூடாரம் பார்க்கத் தொடங்கினார். இம்முறை அவசரப்படவில்லை. கடைகளில் விரித்து வைத்திருந்த கூடாரங்களுக்குள் போய்ப் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து வீட்டில் சொன்னார். அலுமினியக் கம்புகள், நல்ல தையல், கையில் தூக்கினால் பாரமே தெரியாது. நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

“நான்கு பேரா?” என்று கேட்டாள் மகள். அவள் மூன்றாம் படிவ மாணவி. பள்ளிச் சாரணர் இயக்கத்தில் இருப்பவள்.

“பாட்டிதான் வரவில்லை என்று சொல்லிவிட்டாரே.”

“கூடாரம் அப்படி இருந்ததால் சொன்னார் அப்பா. இதை வாங்கினால் இனி எப்போதும் அப்படித்தான் சொல்வார்.”

தந்தை பதில் சொல்லவில்லை. அவர் பார்த்து வைத்தது நல்ல கூடாரம்தான், அதில் ஐயமில்லை. ஆனால், முதுகில் சுமந்துகொண்டு மலையேறுகிறவர்களுக்காகச் செய்தது அது. அவர்களுக்குப் பாரம் குறைவது பெரிய விஷயம். காரிலிருந்து இறக்கி இருபது அடி தூரம் தூக்கிப் போகிற குடும்பத்திற்கு அந்த இலேசினால் என்ன பயன்? அதற்குக் கொடுக்கும் பணத்தில் உயரத்தையும் அகலத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

அன்று மாலை மகள் கூடத்து நாற்காலிகளை ஒதுக்கினாள். ஒட்டுநாடாவை எடுத்து, நனைந்துபோன பழைய கூடாரத்தின் அளவைத் தரையில் ஒட்டினாள். 210 சென்டிமீட்டர் நீளம். 210 சென்டிமீட்டர் அகலம். அதை நான்கால் வகுத்தால் ஒருவருக்கு 52 சென்டிமீட்டர் சொச்சம் வருகிறது. அவள் வீட்டில் தனியாகப் படுக்கும் கட்டிலின் அகலம் மூன்று அடி, அதாவது ஏறத்தாழ 91 சென்டிமீட்டர். கூடாரம் செய்கிறவர்களின் கணக்கில் மனிதர்கள் எல்லாரும் ஒல்லியானவர்கள். புரண்டு படுக்க மாட்டார்கள். பையும் செருப்பும் கொண்டுவர மாட்டார்கள். ஆகவே, பெட்டியில் உள்ள எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டுப் பார்ப்பதே குடும்பத்திற்குச் சரியாக வரும். நான்கு பேர் கூடாரம் என்றால் இரண்டு பேரும் அவர்களுடைய பைகளும். ஐந்து பேருக்குக் குறைந்தது ஏழு அல்லது எட்டுப் பேர் கூடாரம் வேண்டும்.

அடுத்து மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் என்று ஒட்டினாள். தந்தை, தாய், தம்பி, தான் என எல்லாரையும் அதற்குள் படுக்க வைத்தாள். ஐந்தாவதாக ஒரு போர்வையை விரித்து வைத்தாள். பாட்டி தம் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, ஏதோ நாடகம் பார்ப்பதுபோல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “என் பாயை ஏன் சுவரோரம் போட்டாய்? கதவு எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார். மகள் போர்வையை எடுத்து எதிர்ப்பக்கம் விரித்தாள்.

இடம் முடிவானதும் உயரம். சுவரில் 190 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார்கள். வீட்டில் எவருக்கும் தலை இடிக்காத உயரம் அது. இளையவர்கள் கூடாரத்தின் உயரத்தைப் பெரிதாக எண்ணுவதில்லை. படுக்கத்தானே போகிறோம் என்பார்கள். படுப்பது மட்டுமா? உடை மாற்ற வேண்டும்; ஈரக் காலைத் துடைக்க வேண்டும்; மழை இரண்டு மணி நேரம் பெய்தால் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு நின்றபடி நுழைவதும் தவழ்ந்து நுழைவதும் ஒன்றாகுமா? உயரமான கூடாரத்திற்குக் குறையும் உண்டு. காற்று அதைத்தான் முதலில் பிடித்துத் தள்ளும். கயிறுகளை எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டாமல் விட்டால், ஒரு பலத்த காற்றில் கம்பு வளைந்துவிடும். அந்த வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாக மகள் சொன்னாள்.

நிற்கக்கூடிய கூடாரங்களில் ஒருவகை, கம்புகள் ஏற்கெனவே இணைக்கப்பட்டு, குடை விரிப்பதுபோல் ஓரிரு நிமிடத்தில் எழுந்து நிற்பது. தந்தைக்கு அதன்மேல் ஆசை வந்தது. அந்த ஆசையைத் தணித்தது அவருடைய மைவி கார்தான். கம்புகள் கழலாததால் அந்த வகைக் கூடாரத்தைச் சுருட்டினாலும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும். ஐந்து பேர் உட்காரும்போது பின்னிருக்கையை மடக்க முடியாது. அளவு நாடாவைக் காருக்குள் நீட்டிப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். தனித்தனியாகக் கழற்றும் கம்புகள் உள்ள கூடாரமே அவர்களுக்கு ஏற்றது என்று முடிவாயிற்று.

இனி மழை. கூடாரத் துணியின் விவரச் சீட்டில் 1,500 மில்லிமீட்டர், 3,000 மில்லிமீட்டர் என்றெல்லாம் எழுதியிருக்கும். அதைக் கண்ட மகன், அது துணியின் தடிப்பா என்று கேட்டான். மூன்று மீட்டர் தடிப்பில் கூடாரமா என்று அக்காள் சிரித்துவிட்டாள். அது நீரின் உயரம். துணியை இறுக்கிப் பிடித்து, அதன்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை ஊற்றிக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளலாம். நீர் உயர உயர அதன் அழுத்தம் கூடும். எந்த உயரத்தில் துணியைத் துளைத்துக்கொண்டு நீர் கசிகிறதோ, அந்த உயரமே அந்த எண். பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த நீரழுத்தம்தான். மேல்துணியைவிடத் தரைத்துணிக்கு அந்த எண் கூடுதலாக இருக்க வேண்டும். மேலே விழும் மழை வழிந்து போய்விடும். தரையிலோ நாம் முழங்காலை ஊன்றி, முழங்கையை ஊன்றி, ஈர மண்ணின் நீரை நாமே துணிக்குள் அழுத்தி ஏற்றிவிடுகிறோம்.

“அப்படியானால் பழைய கூடாரம் உச்சியில் ஏன் ஒழுகியது?” என்றார் தாய்.

இதற்குப் பதில் சாய்வு நாற்காலியிலிருந்து வந்தது. பாட்டி பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். “தகரக் கூரை எங்கே ஒழுகும்? தகரத்திலா ஒழுகும்? ஆணி அடித்த ஓட்டையில்தான் ஒழுகும். நாங்கள் ஒவ்வோர் ஆணிக்கும் தார் வைத்து அடைப்போம்.”

கூடாரத்திலும் அதே கதைதான். துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், தைக்கும் ஊசி அதில் ஆயிரக்கணக்கான ஓட்டைகளைப் போட்டுவிடுகிறது. நல்ல கூடாரத்தில் தையலின் உட்புறம் நெடுக ஒரு நாடாவை ஒட்டி அந்த ஓட்டைகளை மூடியிருப்பார்கள். வாங்குமுன் மேல்துணியைத் திருப்பிப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியும். விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும். தந்தை முதல் கூடாரத்தை எடுத்து வந்து திருப்பிப் பார்த்தார். வெறும் நூல்தான் இருந்தது.

மழையைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையே போதும். நம் நாட்டில் கூடாரம் தேர்ந்தெடுப்பதில் உள்ள சங்கடம் இங்கேதான் இருக்கிறது. தாழ்நிலத்தில் இரவிலும் புழுக்கம் குறைவதில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். குளிர்நாட்டு மலைகளுக்காகச் செய்த கூடாரம் வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும். கேமரன் மலைக்கு வேண்டுமானால் அது சுகம். உலு லங்காட்டில் வேக வைத்த இட்டலியாகிவிடுவோம். ஆகவே, இரண்டு அடுக்குள்ள கூடாரம் வேண்டும். உள்ளடுக்கின் பெரும்பகுதி கொசு நுழையாத வலைத்துணி. அதற்கு மேல், ஒரு சாண் இடைவெளி விட்டு, மழையைத் தாங்கும் மேல்துணி. காற்று அந்த இடைவெளி வழியாக வந்து போகும்.

இரண்டு அடுக்கால் இன்னொரு நன்மையும் உண்டு. விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறம் ஈரமாக இருப்பதைக் கண்டு, ஒழுகுகிறது என்று பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. அது பெரும்பாலும் மழைநீரன்று. ஐந்து பேர் இரவு முழுவதும் விட்ட மூச்சின் ஈரம், குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளியாகி நிற்கிறது. ஓரடுக்குக் கூடாரத்தில் அத்துளிகள் நேரே முகத்தில் விழும். இரண்டு அடுக்கில் அவை மேல்துணியின் உட்புறமாக வழிந்து வெளியே இறங்கிவிடும்.

கம்பு, முளை, நிறம் என்று இன்னும் சில உண்டு. கண்ணாடி இழைக் கம்பு மலிவு, ஆனால் பிளந்துகொள்ளும். அலுமினியம் விலை கூடுதல், நாள்படும். நிறத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டார்கள். அவன் பச்சை என்றான்.

தாய் இதிலெல்லாம் அதிகம் கலந்துகொள்ளவில்லை. அவருடைய மனத்தில் வேறொன்று இருந்தது. ஒருநாள் இரவு உணவின்போது அதைச் சொன்னார். “கூடாரத்தைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறீர்கள். அதை எங்கே அடிக்கப் போகிறோம் என்று இன்னும் யாரும் பேசவில்லை.”

அவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று மற்றவர்களுக்குப் புரிந்தது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில், சிலாங்கூர், பத்தாங் காலிக்கு அருகில் ஒரு முகாமிடத்தின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள். அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். பள்ளி விடுமுறைக்காகக் குடும்பத்தோடு வந்தவர்கள் அவர்கள். அவர்களிடமும் நல்ல கூடாரங்கள் இருந்திருக்கும்.

அன்றிரவு மேசையில் கூடாரத்தின் விவரச் சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, முகாமிடத்தைப் பற்றிப் பேசினார்கள். உரிமம் பெற்ற இடமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். செங்குத்தான சரிவின் அடியில் கூடாரம் அடிக்கக் கூடாது. ஆற்றின் விளிம்பிலும் கூடாது. மலையில் எங்கோ பெய்த மழை, கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றில் பெருக்கெடுத்து வரும். ‘கெப்பாலா ஆயர்’ என்று மலாய்க்காரர்கள் சொல்வது அதைத்தான். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால், பொருள்களைப் பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். அப்போது கிளந்தான், திரங்கானு, பகாங் கடற்கரைகளை மறந்துவிட வேண்டியதுதான். மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கூடாரத்தைச் சுற்றி மண்வெட்டியால் கால்வாய் தோண்டலாம் என்று பாட்டி சொன்னபோது மட்டும் மறுத்தாள். இப்போது சாரணர்கள் அப்படித் தோண்டுவதில்லை. மண் அரித்துப் போகும். நீர் தேங்காத மேடாகப் பார்த்து அடித்துவிட்டால் கால்வாயே வேண்டாம். “மேடாகப் பார்க்கத் தெரிந்தால் சரி” என்றார் பாட்டி.

கடைசியில் வாங்கிய கூடாரம் 620 ரிங்கிட். முதல் கூடாரத்தின் விலையைப்போல் ஐந்து மடங்கு. தாய் ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த பணம் அதில் இருந்தது. எட்டுப் பேர் என்று பெட்டியில் போட்டிருந்தது. எதிரெதிரே இரண்டு கதவுகள். நடுவில் 190 சென்டிமீட்டர் உயரம்.

அதை நேரே காட்டுக்குக் கொண்டுபோக மகள் விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில், வீட்டுக்கு எதிரேயுள்ள திடலில் அடித்துப் பார்த்தார்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆயிற்று. தந்தை இரண்டு கம்புகளை மாற்றிச் செருகியதால் கூடாரம் ஒரு பக்கம் கூன் விழுந்து நின்றது. கழற்றி மறுபடியும் அடித்தபோது இருபத்தைந்து நிமிடம். கூடாரத்தின் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, நான்கு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால், மேல்துணியில் வழியும் மழைநீர் அந்த நீட்டத்தில் விழுந்து, நேரே கூடாரத்தின் அடிக்குப் போய்விடும். முதல் இரவில் கீழிருந்து நீர் ஊறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தந்தைக்கு அப்போதுதான் விளங்கியது. விரிப்பின் ஓரங்களை உள்ளே மடித்து மறைத்தார்கள்.

பிறகு வீட்டுக் குழாயிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாயை இழுத்து வந்து, மகன் மழை பெய்வித்தான். அந்த வேலைக்கு அவனைவிடத் தகுந்தவர் இல்லை. தந்தையும் மகளும் உள்ளே இருந்து கைவிளக்கடித்துத் தையல்களைப் பார்த்தார்கள். ஒரு மூலையில் மட்டும் இலேசான கசிவு. அதைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, வெயிலில் காய்ந்த பிறகு பசை பூசினார்கள்.

அண்டை வீட்டார் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாருக்குக் கல்யாணம் என்று ஒருவர் கேட்டார்.

பாட்டி வெயில் தாழ்ந்த பிறகுதான் வந்தார். கூடாரத்தை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றினார். இழுத்துக் கட்டிய கயிற்றைக் காலால் தட்டிப் பார்த்தார். கதவருகே நின்று, சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை இலேசாகத் தாழ்த்தி உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் நிமிர்ந்து நின்றார். மேலே கையை நீட்டினார், துணி எட்டவில்லை. பிறகு வலப்பக்கக் கதவைத் திறந்து வெளியே போனார். மறுபடியும் உள்ளே வந்தார். யாரையும் தாண்டாமல் போய்வர முடிகிறதா என்று பார்க்கிறார் என்பது மகளுக்குப் புரிந்தது.

“மழை பிடித்தால் இங்கேயே தேநீர் போட்டுக்கொள்ளலாம்” என்றார்.

“வேண்டாம் பாட்டி. துணியில் தீப்பிடிக்கும். பிடிக்காவிட்டாலும் அடுப்பின் நச்சுக்காற்று உள்ளே தங்கிவிடும். வெளியே தார்ப்பாய் கட்டித் தருகிறேன்.”

பாட்டி தலையாட்டினார். வலப்பக்கக் கதவை ஒட்டிய இடத்தில் தம் கைப்பையை வைத்தார்.

இருட்டுவதற்குள் கூடாரத்தைக் கழற்றினார்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். துணியின் உட்பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்துப் புளித்த வாடை வீசும். ஆகவே, மேல்துணியைக் கார் நிறுத்துமிடத்துக் கொடியில் விரித்துப் போட்டார்கள். மைவி இரண்டு நாள் சாலையோரத்தில் நின்றது. பூனை அந்தப் பச்சைத் துணியின் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

பாட்டி அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டார்: “நாம் எல்லாரும் கிளம்பிவிட்டால் இதற்கு யார் சோறு வைப்பார்கள்? பக்கத்து வீட்டில் இப்போதே சொல்லி வை.”